காட்டாமணக்கு மாமாவும் 24 கேள்விகளும்

எங்கள் ஆபீஸ் கேன்டீனில் கிரிக்கெட், சினிமாவுக்கு அடுத்தபடியாக இப்போது அதிகம் அடிபடுகிற சமாசாரம் எத்தனால். பெட்ரோலில் 20 சதவீதம் கலந்து ஊற்றுகிறார்கள், இல்லையா? அக்கவுன்ட்ஸ் நண்பர் ஒருவர் தன் பைக்கின் மைலேஜைத் தேதிவாரியாக டயரியில் குறித்து வைத்திருக்கிறார். (ஆபீஸ் கணக்கை இவ்வளவு சிரத்தையாக எழுதியிருந்தால் எப்போதோ பிரமோஷன் வந்திருக்கும்!) "அம்பது குடுத்த வண்டி நாப்பத்தெட்டுதான் குடுக்குது சார்" என்று தினமும் ஒப்பாரி. எதிர் டேபிள்காரர் விடமாட்டார். "நாட்டுக்கு அந்நியச் செலாவணி மிச்சம்யா! விவசாயிக்குக் காசு. புகை கம்மி. பசுமை எரிபொருள்!" என்பார். மூன்றாமவர், "சாப்பிடற அரிசியையும் சோளத்தையும் வண்டிக்கு ஊத்தறதுதான் பசுமையா?" என்று பாய்வார். டீ ஆறிவிடும். தீர்ப்பு மட்டும் வராது.

இந்தப் பட்டிமன்றத்தில் நான் வாயே திறப்பதில்லை. காரணம், என் மாமா.

மாமாவுக்குத் திருவண்ணாமலைப் பக்கம் மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். வருஷா வருஷம் மல்லாட்டை போடுவார். (வேர்க்கடலைக்கு எங்கள் ஊர்ப் பெயர் அது.) 2006-ல் ஒருநாள் ஊருக்குள் ஒரு வேன் வந்தது. டீ, பிஸ்கெட் கொடுத்து ஒரு கம்பெனி ஆள் பேசினார். காட்டாமணக்கு நடுங்கள். தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், ஆடு மாடு கடிக்காது. நட்டுவிட்டுப் படுத்துத் தூங்கலாம். மூன்றாம் வருஷத்திலிருந்து டீசலாகக் காய்க்கும்!

மாமாவுக்குச் சந்தேகம். எஸ்.டி.டி. பூத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார். "படிச்ச புள்ள நீ சொல்லு மாப்ளே, போடலாமா?"

நான் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த புதுசு. பேப்பரில் படித்ததையெல்லாம் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். "கண்ண மூடிக்கிட்டு போடுங்க மாமா. எதிர்காலமே இதுதான்!"

அவர் என் பேச்சை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு ஏக்கரில், கடன் வாங்கி.

என்னை மட்டும் குற்றம் சொல்லிப் புண்ணியமில்லை. அந்தச் சமயத்தில் நாடே காட்டாமணக்கு மயக்கத்தில்தான் இருந்தது. 2002 டிசம்பர் 31 அன்று டில்லி-அமிர்தசரஸ் தடத்தில் டீசலோடு 5 சதவீதம் உயிரி டீசல் கலந்து ஒரு எக்ஸ்பிரஸ் ரயிலையே ஓட்டிப் பார்த்தார்கள். 2003-ல் திட்டக் கமிஷன் அமைத்த குழு, காட்டாமணக்கே கதி என்று அறிக்கை கொடுத்தது. 2009-ல் வந்த தேசியக் கொள்கை, 2017-க்குள் டீசலில் 20 சதவீதம் தாவர எண்ணெயாக இருக்கும் என்று இலக்கு வைத்தது. 2018-ல் புதுக் கொள்கை வந்தபோது அந்த 20, சத்தமில்லாமல் 5 ஆகிவிட்டது. அதுவும் 2030-க்குள்!

மாமா தோட்டத்தில் என்ன ஆயிற்று? செடி சாகவில்லை. கம்பெனி ஆள் சொன்னது அந்த மட்டும் உண்மை. ஆனால் காய்க்கவும் இல்லை. மூன்றாம் வருஷம் இரண்டு ஏக்கருக்கும் சேர்த்து இரண்டு மூட்டை விதை. அதை வாங்க அந்த வேன் திரும்ப வரவேயில்லை.

"செடி உசுரோட இருக்கறது வேற, காய்க்கறது வேற மாப்ளே" என்றார் மாமா. "உங்க ஆபீஸ்லயும் அப்படித்தானே?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் வீட்டில் நடந்தது சிரிக்கும்படியாக இல்லை. மல்லாட்டை இருந்தவரை கொடி மாட்டுக்கு, புண்ணாக்கும் மாட்டுக்கு. காட்டாமணக்கின் புண்ணாக்கு விஷம். தண்டு விறகுக்கும் உதவாது. தீவனத்துக்கு வழியில்லாமல் அத்தை இரண்டு கறவை மாடுகளை விற்றாள். 2010-ல் ஜே.சி.பி. வைத்துச் செடிகளைப் பிடுங்க இன்னொரு கடன். அதை அடைக்க மாமா சென்னைக்கு வந்து இரண்டு வருஷம் வாட்ச்மேன் வேலை பார்த்தார். நான் வேலை பார்க்கும் தெருவுக்கு நாலு தெரு தள்ளி. நைட் டியூட்டி முடிந்து அவர் திரும்புகிற நேரமும் நான் ஆபீஸ் போகிற நேரமும் ஒன்று. ஒருநாள்கூட "உன் பேச்சைக் கேட்டேன்" என்று அவர் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அதே 2010-ல் அரிசா-மொன்டோபியோ, ஷரத்சந்திர லேலே என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், கோவை, திருவண்ணாமலை மாவட்டக் காட்டாமணக்குத் தோட்டங்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சொன்னதைவிட மகசூல் மிகக் குறைவு, தண்ணீர் இருந்தால்தான் கொஞ்சமாவது கட்டும், ஏழை விவசாயி இன்னும் ஏழையானான் என்பது அதன் சாரம். ரொம்ப நாள் கழித்துப் படித்தபோது, எங்கள் மாமாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எழுதியது போலிருந்தது.

அதற்குப் பிறகுதான் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. 'இந்த எரிபொருள் நல்லதா, கெட்டதா என்று அளக்க ஏதாவது படிக்கல் இருக்கிறதா?' என்று தேட ஆரம்பித்தேன். இருக்கிறது. 2006-ல், அதாவது மாமா ஊருக்கு வேன் வந்த அதே வருஷம், உலக உயிரி எரிசக்திக் கூட்டமைப்பு என்று பல நாடுகள் சேர்ந்து ஒன்றை ஆரம்பித்தன. ரோம் நகரில், ஐ.நா.வின் உணவு விவசாய அமைப்பில்தான் அதன் செயலகம். 2011-ல் அவர்கள் 24 அளவுகோல்களை வெளியிட்டார்கள். சுற்றுச்சூழலுக்கு 8, சமூகத்துக்கு 8, பொருளாதாரத்துக்கு 8.

இருபத்து நாலும் எதற்கு, ஒன்று போதாதா என்று கேட்பீர்கள். பிரேசிலைப் பாருங்கள். 1975-லேயே கரும்பு எத்தனாலில் இறங்கிய நாடு. அங்கே ஒரு பங்கு டீசல், உரம் என்று செலவழித்தால் எட்டு, ஒன்பது பங்கு எரிசக்தி திரும்பி வருகிறது. ஆலை ஓடுவதே கரும்புச் சக்கையில். முக்கியமான கரும்புப் பகுதிகளில் பெரும்பாலும் மழையே பாசனம். இந்த அளவுகோலில் முதல் வகுப்பு பாஸ்! ஆனால் வெட்டுவதற்கு முன் தோகையைக் கொளுத்தினார்கள், ஊரெல்லாம் புகை. அதை நிறுத்துவதற்கு மெஷின் கொண்டுவந்தார்கள். புகை குறைந்தது, கரும்பு வெட்டிய கூலிக்காரர்களுக்கு வேலை போயிற்று. காற்று என்ற பாடத்தில் மார்க் ஏறினால் வேலை என்ற பாடத்தில் இறங்குகிறது. ஒரே ஒரு மார்க்கைப் பார்த்துத் தீர்ப்பு சொன்னால் நாம் ஏமாளி.

இந்தோனேஷியா, மலேஷியா பக்கம் போங்கள். பாமாயில் டீசல் எரிந்தால் புகை கம்மி என்கிறோம். சரி, அந்தப் பனை எங்கே நிற்கிறது? 2008-ல் 'சயன்ஸ்' பத்திரிகையில் ஃபார்ஜியோன் குழுவினர் ஒரு கணக்குப் போட்டார்கள். சதுப்புக் கரி நிலத்துக் காட்டை அழித்துப் பனை வைத்தால், அப்போது வெளியேறும் கரியமில வாயுக் கடனை அந்த டீசலால் அடைக்க சுமார் 423 வருஷம் ஆகும்! வீட்டு லோனுக்கு 20 வருஷ தவணை கட்டும் நமக்கே மூச்சு முட்டுகிறது.

இப்போது நம்மூர் எத்தனாலுக்கு வருவோம். 2003-ல் சில மாநிலங்களில் 5 சதவீதமாக ஆரம்பித்தது. 2022 ஜூனில் 10, 2025-ல் 20. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைப் போல மூன்றில் இரண்டு பங்கு சக்திதான் உண்டு. பழைய டூ வீலர்களில் மைலேஜ் 3, 4 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. ஐம்பதில் நாலு சதவீதம் இரண்டு. டயரி நண்பர் பொய் சொல்லவில்லை!

ஆனால் மைலேஜ், பட்டியலில் சின்ன விஷயம். தண்ணீரைப் பாருங்கள். கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்கச் சுமார் 2,860 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பதும் அதே அறிக்கைதான். பத்து லிட்டர் பெட்ரோல் போட்டால் அதில் இரண்டு லிட்டர் எத்தனால். அத்தனையும் கரும்பிலிருந்து வந்தது என்று வைத்துக்கொண்டால் 5,720 லிட்டர் தண்ணீர். தெருமுனையில் குடத்தோடு நாம் காத்திருக்கும் 12,000 லிட்டர் லாரியில் ஏறக்குறைய பாதி.

சரி, கரும்பு வேண்டாம், தானியம் என்கிறார்கள். அங்கே இன்னொரு கேள்வி காத்திருக்கிறது: சாப்பாட்டு விலை. மக்காச்சோளத்தை வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த நம் நாடு, 2024-ல் ஏற்றுமதியைவிட அதிகமாக இறக்குமதி செய்தது. தீவன விலை ஏறிவிட்டது என்று கோழிப்பண்ணைக்காரர்கள் குரல் கொடுத்தார்கள். கேன்டீன் ஆம்லெட்டுக்கும் பைக் டேங்குக்கும் இப்படி ஒரு சம்பந்தம்! அதே சமயம் எதிர் டேபிள்காரர் சொல்வதும் முழுப் பொய்யில்லை. கச்சா எண்ணெய்க்குக் கொட்டும் டாலர் குறைகிறது. விளைச்சலுக்கு இன்னொரு வாடிக்கையாளர் வந்திருக்கிறார். அவையும் அந்த 24-ல் அடக்கம்.

பட்டியலில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. விறகு சுள்ளி பொறுக்கப் பெண்களும் குழந்தைகளும் கூலியில்லாமல் செலவழிக்கும் நேரம் கூடுகிறதா, குறைகிறதா? எங்கள் அத்தையின் முப்பது வருஷத்தை யாரோ ரோமில் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். நிலம் யார் பெயரில் இருக்கிறது, விபத்து நடக்கிறதா, அடுப்புப் புகையில் நோய் வருகிறதா என்பதெல்லாமும் உண்டு.

கஷ்டம் எங்கே என்றால், அளப்பதில். கொலம்பியாவிலும் இந்தோனேஷியாவிலும் இவற்றைப் பரீட்சை செய்து பார்த்தார்கள். ஏழை நாடுகளில் கிணற்று மட்டம், கூலி, விறகு நேரம் இதையெல்லாம் யார் எழுதி வைக்கிறார்கள்? எழுதினாலும் சராசரியாக வரும். கிணறு உள்ளவனையும் இல்லாதவனையும் கூட்டி இரண்டால் வகுத்தால் மாமா காணாமல் போய்விடுவார்.

போன மாதம் மாமா செல்போனில் கூப்பிட்டார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"மாப்ளே, எத்தனாலுக்கு மக்காச்சோளம் போடச் சொல்றாங்க. நல்ல வெலையாம். படிச்ச புள்ள, நீ என்ன சொல்ற?"

இருபது வருஷத்துக்கு முன் ஒரு நிமிஷத்தில் சொன்னவன், இப்போது திணறினேன். "மாமா, நான் சொல்லலை. கேள்வி வேணா சொல்றேன், எழுதிக்கறீங்களா?" என்றேன்.

தண்ணீர் எவ்வளவு பிடிக்கும்? மழை பொய்த்தால் என்ன கிடைக்கும்? எத்தனாலுக்கு வேண்டாம் என்றால் வேறு யார் வாங்குவார்கள்? விலையை எழுத்தில் கொடுப்பார்களா? தட்டையை மாடு தின்னுமா? மண் என்ன ஆகும்? பன்னிரண்டாவது கேள்வியில் மாமா நிறுத்தினார்.

"போதும் மாப்ளே. பேனா தீந்து போச்சு."

இரண்டு நாள் கழித்து மறுபடி போன். வந்தவர்களிடம் பேப்பரை எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டாராம். நாலாவது கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லையாம். "தட்டைய மாடு திங்கும். எத்தனாலுக்கு இல்லேன்னா கோழித் தீவனத்துக்குப் போவும். அதனால ஒரு ஏக்கர் மட்டும் போடறேன். ரெண்டு ஏக்கர் மல்லாட்டைதான்" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அன்னிக்கே இந்தப் பேப்பர் இருந்திருந்தா ரெண்டு மாடு மிச்சம்டா" என்றார்.

அவர் என்னிடம் சொன்ன ஒரே புகார் அதுதான். எனக்கு என்னவோ லேசாக இருந்தது.