மூலத் திரைப்படமும் அதனை மீட்ட இரசிகர்களும்

ஒரு நூலாசிரியர் தம்முடைய நூலைத் திருத்தி இரண்டாம் பதிப்பாக வெளியிடுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். திருத்தம் நன்றென்பர் சிலர். முதற் பதிப்பே சிறந்ததென்பர் வேறு சிலர். இரு சாராரும் இவ்வாறு வழக்காடுவதற்கு இடமிருப்பது எதனால்? முதற் பதிப்பு நூல்நிலையத்தில் இருப்பதனால். ஐயமுற்றவர் எடுத்துப் பார்க்கலாம். இரண்டையும் ஒப்புநோக்கித் தாமே முடிவு காணலாம்.

திரைப்படத்துக்கு இந்த நற்பேறு எப்பொழுதும் வாய்ப்பதில்லை. படமாளிகையிலிருந்து நாம் வீட்டுக்குக் கொண்டுவருவது நினைவு ஒன்றை மட்டுமே. படச்சுருளோ உரிமையாளரிடம் திரும்பிவிடுகின்றது. அவர் பின்னொரு காலத்தில் அதனை மாற்றியமைத்து, மாற்றியதையே மூலமென வழங்குவாராயின், நாம் முன்னர்க் கண்ட படம் எங்கே? இது வெறுங் கற்பனை வினாவன்று. உலகம் நன்கறிந்த ஒரு படத்துக்கு இது நேர்ந்தது. அதன் முதல் வடிவை மீட்டெடுக்க முன்வந்தவர்களோ, அதனைப் பார்த்து மகிழ்ந்த இரசிகர்கள்.

அப்படம் ஜோர்ஜ் லூகாஸ் எழுதி இயக்கிய 'ஸ்டார் வோர்ஸ்' என்னும் அமெரிக்கப் படமாகும். 1977ஆம் ஆண்டு மே மாதம் 25ஆந் திகதி அது வெளிவந்தது. விண்மீன்களுக்கிடையே நடைபெறும் போரைப் பற்றிய கதை. நல்லோன், தீயோன், சிறைப்பட்ட இளவரசி, முதிய ஆசான் என எந்நாட்டுப் பழங்கதையிலும் வரக்கூடிய மாந்தர். ஆயினும் அதனைத் திரையிற் காட்டிய முறை புதிது. கணினியால் உருவம் வரையும் கலை அக்காலத்தில் குழந்தைப் பருவத்திலேயே இருந்தது. ஆகவே கப்பல்களைச் சிறு மாதிரிகளாகக் கையாற் செய்து, தனித்தனியே படம்பிடித்து, அப்படங்களை ஒளியியல் யந்திரத்தின் வாயிலாக ஒன்றன்மேலொன்றாக ஒரே சுருளிற் பதித்தனர். இத்தகைய சேர்க்கைக் காட்சிகள் முந்நூற்றுக்கு மேற்பட்டவை. 1978இல் வழங்கப்பெற்ற அக்கடமி விருதுகளுள் ஆறு இப்படத்துக்குக் கிடைத்தன. அவற்றுள் காட்சி நுட்பத்துக்கும் படத்தொகுப்புக்கும் உரிய விருதுகளும் அடங்கும். 1989இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேடு தொடங்கப்பெற்றபொழுது, முதன்முதற் சேர்க்கப்பட்ட 25 படங்களுள் இதுவும் ஒன்றாயிற்று.

மாற்றங்கள் சிறிதாகவே தொடங்கின. 1981இல் மீண்டும் திரையிட்டபொழுது, தொடக்கத்தில் மேலெழுந்து செல்லும் எழுத்துக்களிடையே 'நான்காம் அத்தியாயம்' என்னும் குறிப்பும் ஒரு துணைத் தலைப்பும் சேர்க்கப்பட்டன. பெரிய மாற்றம் வந்தது 1997இல். இருபதாம் ஆண்டு நிறைவையொட்டி 'சிறப்புப் பதிப்பு' என்ற பெயரில் வெளிவந்த படத்தில், கணினியால் வரைந்த விலங்குகளும் ஊர்திகளும் தெருக்களில் உலாவின. மாதிரிகளைக் கொண்டு பிடித்த விண்கப்பற் காட்சிகள் சில அகற்றப்பட்டுப் புதியன புகுந்தன. முன்னர் நீக்கப்பட்ட காட்சி ஒன்று, அதில் நடித்திருந்த மனிதருக்குப் பதிலாகக் கணினி உருவம் அமைக்கப்பெற்றுத் திரும்பி வந்தது.

இவை யாவும் அலங்காரத்தைப் பொறுத்தவை எனலாம். ஆனால் ஒரு மாற்றம் கதையின் நெஞ்சையே தொட்டது. ஹான் சோலோ என்பவன் கடத்தல் தொழில் செய்யும் கப்பலோட்டி. மதுச்சாலை ஒன்றில் அவனைப் பிடித்துச் செல்ல வந்த கிரீடோ என்பவன் துப்பாக்கியை நீட்டியவாறு எதிரே அமர்ந்திருக்கின்றான். 1977ஆம் ஆண்டுப் படத்தில், ஹான் சோலோ மேசைக்கடியிலிருந்து சுட்டு அவனைக் கொன்றுவிடுகின்றான். 1997ஆம் ஆண்டுப் பதிப்பிலோ, கிரீடோ முதலிற் சுட்டுக் குறி தவறுகின்றான். அதன் பின்னரே ஹான் சோலோ சுடுகின்றான். சில கணப்பொழுதே நீடிக்கும் மாற்றந்தான். எனினும், தன்னலமே பெரிதென வாழ்ந்த ஒருவன் இறுதியில் நண்பர்க்காக உயிரையும் பொருட்படுத்தாது திரும்பி வருகின்றான் என்பதன்றோ அப்பாத்திரத்தின் வளர்ச்சி? தொடக்கத்திலேயே அவனைக் குற்றமற்றவனாக்கினால் முடிவின் பெருமையும் குறைந்துவிடுகின்றது. இவ்வொரு காட்சியே 2004இலும் 2019இலும் மறுபடியும் மாற்றப்பட்டது. எது மூலம் என்பதில் உரிமையாளரே நிலைகொள்ளவில்லை என்பதற்கு இஃதொரு சான்றாகும்.

லூகாஸின் பக்கத்திலுள்ள நியாயத்தையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தாம் மனத்திற் கண்ட படத்தை 1977இன் பணமும் கருவிகளும் கொண்டு முழுமையாக எடுக்க இயலவில்லை என்பது அவர் கூற்று. பிற்காலக் கருவிகளால் முடித்த படமே தம்முடைய உண்மையான படமென்றும், முன்னையது அரைகுறை முயற்சியென்றும் அவர் கருதினார். படைத்தவனுக்குத் தன் படைப்பைத் திருத்தும் உரிமை இல்லையென்று யார் சொல்வார்? 1997ஆம் ஆண்டுப் பணி நிறங்கெட்டு வந்த மூலச் சுருளைத் தூய்மை செய்து காப்பதற்கும் உதவியது. ஆனால், அதே பணியின்போது புதிய துண்டுகள் மூல நெகட்டிவிலேயே வெட்டி ஒட்டப்பட்டன. அவற்றுக்குரிய பழைய துண்டுகள் அங்கிருந்து நீக்கப்பட்டன. திருத்திய பதிப்பு மூலப் பதிப்பின் பக்கத்தில் வந்து நிற்கவில்லை. அதன் இடத்திலேயே ஏறி அமர்ந்துகொண்டது.

இதில் ஒரு முரண் உண்டு. 1988இல், பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு நிறமூட்டும் வழக்கத்தை எதிர்த்து அமெரிக்கக் காங்கிரஸ் முன் சாட்சி கூறியவர்களுள் இதே லூகாஸும் ஒருவர். வருங்காலத்தில் மூல நெகட்டிவ்கள் மறைந்து, மாற்றப்பட்டவை அவற்றின் இடத்தைப் பிடித்துவிடும் என்றும், அது சமுதாயத்துக்குப் பேரிழப்பாகும் என்றும் அன்று அவர் எச்சரித்தார்.

மூல வடிவைக் கேட்டவர்களுக்கு 2006இல் ஒரு விடை கிடைத்தது. டீவீடீ இறுவட்டில் இணைப்பாக முதல் வடிவும் வெளிவந்தது. ஆனால் அது படச்சுருளிலிருந்து புதிதாக எடுத்ததன்று. 1993இல் லேசர் தட்டுக்கென ஆயத்தஞ் செய்த பழைய பிரதி. படம் தெளிவு குன்றியிருந்தது. திருத்திய பதிப்புக்கு எல்லாப் பேணுதலும், மூலத்துக்கு எஞ்சியதும் என்றாயிற்று. இந்நிலையிலேதான் இரசிகர் சிலர் தாமே முயல்வதெனத் துணிந்தனர். அவர்கள் கைக்கொண்ட வழிகள் இரண்டு.

முதலாவது வழி, ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடங்காணும் பதிப்பாசிரியர் வழியை ஒத்தது. திரைத் தொழிலைச் சாராத செக் நாட்டவர் ஒருவர் 2010ஐ அடுத்த ஆண்டுகளில் இதனை மேற்கொண்டார். 2011இல் வெளிவந்த தெளிவான ப்ளூ-ரே பிரதியை அவர் அடிப்படையாகக் கொண்டார். அதிலே இடைச்செருகல் காணப்படும் இடங்களிலெல்லாம், பழைய இறுவட்டு, தொலைக்காட்சி ஒளிபரப்பு, 16 மில்லிமீற்றர் பிரதி, தனித்தனிப் படக்கட்டங்கள் ஆகியவற்றிலிருந்து மூலப் பகுதியை எடுத்துப் பொருத்தினார். நிறங்களையும் பழைய பிரதிகளோடு ஒப்பிட்டுச் சரிசெய்தார். உலகின் பல பாகங்களிலுமிருந்த இரசிகர்கள் தம்மிடமிருந்தவற்றை அவருக்கு அனுப்பி உதவினர்.

இரண்டாவது வழி, 1977இல் படமாளிகைகளில் ஓடிய 35 மில்லிமீற்றர் பிரதி ஒன்றைத் தேடிப்பிடித்து, அதிலிருந்தே படத்தை எடுப்பது. இதில் ஒரு பெரும் இடையூறு உண்டு. அக்காலத்து ஈஸ்ட்மன் நிறப் பிரதிகளில் நீலப்பசுமை தரும் சாயம் விரைவிற் சிதைந்துவிடும். சில பத்தாண்டுகளில் படம் முழுவதும் செவ்வண்ணமாகிவிடும். ஆனால் டெக்னிக்கலர் நிறுவனத்தின் பழைய முறை வேறு. அம்முறையில், மூன்று அச்சுச் சுருள்களிலிருந்து மூன்று சாயங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிரதியில் ஊறச் செய்வர். அச்சாயங்கள் எளிதில் மங்குவதில்லை. அமெரிக்காவில் 1970களின் நடுப்பகுதியிலேயே கைவிடப்பட்ட அம்முறை, இலண்டன் தொழிற்கூடத்தில் 1977இலும் நடைமுறையில் இருந்தது. ஆகவே, பிரித்தானியாவுக்கென அடித்த பிரதிகள் சிலவற்றில் அப்படத்தின் அன்றைய நிறம் இன்றும் நிலைத்திருக்கின்றது. செலவு கருதி ஓரிடத்தில் விடப்பட்ட முறை மற்றோரிடத்தில் எஞ்சியிருந்ததே பின்னாளில் பெருந்துணையாயிற்று.

தம் இயற்பெயர்களை வெளியிடாத இரசிகர் குழுவொன்று இத்தகைய பிரதி ஒன்றைக் கொண்டு '4கே77' என்னும் மீட்புப் பதிப்பை 2018இல் முடித்தது. அதன் மிகப் பெரும் பகுதி அவ்வொரே பிரதியிலிருந்து பெறப்பட்டது. அவ்வேலையின் அளவை நேயர்கள் சற்றே கணக்கிட்டுப் பாருங்கள். படத்தின் நீளம் 121 நிமிடம். செக்கனுக்கு 24 கட்டங்கள். ஆக, ஏறக்குறைய 174,000 படக்கட்டங்கள். ஒவ்வொன்றையும் நுண்பதிவு யந்திரத்தால் எண்ணிமப் படமாக்கி, தூசியையும் கீறலையும் அகற்றி, கெட்டுப்போன இடங்களை வேறு பிரதிகளைக் கொண்டு நிரப்பவேண்டும். ஒலியிலும் சிக்கல் இருந்தது. 1977இலேயே படமாளிகைகளின் வசதிக்கேற்ப மூன்று வகை ஒலிக்கலவைகள் ஆயத்தஞ் செய்யப்பட்டிருந்தன. அவற்றிடையே சில வசனங்கள்கூட வேறுபட்டன. மூலம் என்பதே ஒன்றா, பலவா என்னும் வினாவை இது எழுப்புகின்றது.

இப்பணியில் நாம் சிறப்பாகப் போற்றத்தக்கது, செய்தவர்களின் தன்னடக்கமாகும். பழைய ஒளியியற் சேர்க்கைகளில், கப்பலைச் சுற்றி மெல்லிய கோடுகளும் கருமை வேறுபட்ட கட்டங்களும் தெரிவதுண்டு. கணினியின் துணைகொண்டு அவற்றைத் துடைத்துவிடுவது அரிதன்று. ஆயினும் அக்குறைகளை 1977இன் சாட்சியங்களாகவே கருதி அவர்கள் விட்டுவைத்தனர். படத்தை அழகாக்குவது அவர்கள் நோக்கமன்று. அன்று மக்கள் கண்டதை அவ்வாறே காட்டுவதே நோக்கம். கோயிற் சுவரில் மங்கிய ஓவியத்தைத் தூய்மை செய்வது ஒன்று. அதன்மேற் புதுவர்ணம் தீட்டுவது மற்றொன்று.

இனி, சட்டம் என்ன சொல்லுகின்றது? பதிப்புரிமை முழுவதும் நிறுவனத்துக்குரியது. 2012 முதல் அது டிஸ்னியின் உடைமை. உரிமையாளரின் இசைவின்றிப் பிரதி செய்து பரப்புதல் சட்டத்துக்கு மாறானது. இரசிகர்கள் இதனை அறியாதவர்களல்லர். தம் உழைப்பை அவர்கள் விலைக்கு விற்கவில்லை. படத்தை முறையாக விலைகொடுத்து வாங்கியவர்களே இதனைப் பார்க்கவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டனர். அவ்வேண்டுகோள் சட்டக் குற்றத்தை நீக்கிவிடாது. ஆனால், உரிமையாளர் செய்யத் தவறிய பேணுதலைப் பிறர் செய்தால் அவர் குற்றவாளியாக நேர்கின்றது என்னும் நிலை, சட்டத்தை இயற்றுவோர் சிந்திக்கவேண்டிய ஒன்றாகும்.

காலம் இப்பொழுது சற்றே கனிந்திருக்கின்றது. 2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பிரித்தானியத் திரைப்பட நிறுவகம் தன் காப்பகத்திற் பேணிவந்த 1977ஆம் ஆண்டு டெக்னிக்கலர் பிரதியை இலண்டனிலே மக்கள்முன் திரையிட்டது. 50ஆம் ஆண்டு நிறைவையொட்டிப் படத்தை 2027இல் மீண்டும் திரைக்குக் கொண்டுவருவதாக உரிமை நிறுவனமும் 2025இல் அறிவித்தது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? திருத்தும் உரிமை வேறு. முன்னையதை மறைக்கும் உரிமை வேறு. ஒரு திரைப்படம் இயக்குநர் ஒருவரின் கனவு மட்டுமன்று. மாதிரிக் கப்பல்களைக் கையாற் செய்த தச்சர், சுருளை வெட்டி ஒட்டிய தொகுப்பாளர், ஒலி சேர்த்தவர், சாயம் ஊற்றிய தொழிலாளர் ஆகிய பலருடைய கைத்திறன் அதிலே அடங்கியிருக்கின்றது. விருது பெற்ற வேலையை அகற்றிவிட்டு வேறொன்றை அதே பெயரால் வழங்கினால், அவர்கள் செய்ததற்குச் சாட்சி இல்லாமற் போய்விடும். திருத்திய பதிப்பை விரும்புவோர் அதனைப் பார்த்து மகிழட்டும். முதற் பதிப்பும் நல்ல நிலையில் அதனருகே இருக்கட்டும். நூலுக்கு நாம் தரும் இந்த எளிய மதிப்பைத் திரைப்படத்துக்கும் தரவேண்டும் என்பதே அந்த இரசிகர்கள் வேண்டியது.