இயன்முறை மருத்துவத்தில் முதுநிலைப் படிப்பு: சேருமுன் சிந்திக்க வேண்டியவை

பக்கவாதம் தாக்கிய ஒருவரின் உயிர் காப்பாற்றப்பட்ட பின்னரும், அவர் தாமாக எழுந்து அமரவும், குவளையைப் பிடிக்கவும், படியேறவும் பல மாதங்கள் ஆகின்றன. அம்மாதங்களில் அவருக்குத் துணை நிற்பவர் இயன்முறை மருத்துவர். மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட முதியவர், மூளை முடக்குவாதத்துடன் வாழும் குழந்தை, காயமுற்ற விளையாட்டு வீரர், தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சுவிடத் திணறும் நோயாளி எனப் பலருக்கும் பிசியோதெரபி என்னும் இத்துறையின் உதவி தேவைப்படுகிறது.

இந்தியாவில் இக்கல்வி வேரூன்றக் காரணமாக இருந்தது இளம்பிள்ளைவாதம். 1952ஆம் ஆண்டு மும்பையில் அந்நோய் பரவியதைத் தொடர்ந்து, 1953ஆம் ஆண்டு அங்குள்ள கே.இ.எம். மருத்துவமனையில் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியுடன் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. இன்று நாடெங்கும் உள்ள கல்லூரிகளில் பி.பி.டி. என்னும் இளநிலைப் படிப்பு கற்பிக்கப்படுகிறது. நெடுங்காலமாக நான்கரை ஆண்டுகளாக இருந்த இப்படிப்பு, 2025ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட தேசியப் பாடத்திட்டத்தில் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி உட்பட ஐந்து ஆண்டுகளாக வகுக்கப்பட்டுள்ளது.

இளநிலைப் பட்டத்துடனேயே தொழில் செய்யலாம். ஆயினும் ஒரு பிரிவில் சிறப்புத் தேர்ச்சி பெறவோ, கல்லூரியில் ஆசிரியராகவோ விரும்புவோர் எம்.பி.டி. என்னும் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பை நாடுகின்றனர். எலும்பு மற்றும் தசை, நரம்பியல், இதயம் மற்றும் நுரையீரல், விளையாட்டு, குழந்தை நலம், சமுதாய நலம் ஆகியவை இதன் முக்கியப் பிரிவுகள். வகுப்பறைப் பாடங்களுடன், மருத்துவமனைப் பணி, நோயாளியை முன்வைத்து நிகழும் கலந்துரையாடல், ஆய்வேடு ஆகியவையும் இதில் அடங்கும்.

இப்படிப்பின் உயிர்நாடி மருத்துவமனைப் பயிற்சியே. தசையின் இறுக்கத்தை விரல்களால் உணர்வதையும், நோயாளி களைப்படையும் கணத்தை அறிந்து பயிற்சியை நிறுத்துவதையும் நூலால் மட்டும் கற்க இயலாது. அனுபவம் மிக்க ஆசிரியரின் பார்வையில் பல நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தே கற்க வேண்டும். ஆகவே கல்லூரிக் கட்டடத்தைக் காட்டிலும் அதனுடன் இணைந்த மருத்துவமனையை ஆராய்வது நன்று. தாம் விரும்பும் பிரிவில் நாள்தோறும் எத்தனை நோயாளிகள் வருகின்றனர், ஓர் ஆசிரியரின் கீழ் எத்தனை மாணவர்கள் பயில்கின்றனர், தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்ற வாய்ப்பு உண்டா என்பவற்றை அங்கு பயிலும் மாணவர்களிடமே கேட்டறியலாம்.

அங்கீகாரமும் இன்றியமையாதது. 2021ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி, துணை மருத்துவ மற்றும் நலவாழ்வுத் தொழில்களுக்கான தேசிய ஆணையம் இத்துறையின் கல்வித் தரத்தையும் தொழில் பதிவையும் நெறிப்படுத்துகிறது. கட்டணம் செலுத்துமுன் பல்கலைக்கழக இணைப்பையும் ஆணையத்தின் விதிகளையும் சரிபார்த்துக்கொள்க.

வெளிநாட்டில் பணியாற்றக் கருதுவோர் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். அமெரிக்காவில் இத்தொழிலுக்கான நுழைவுப் பட்டம் இப்போது டி.பி.டி. என்னும் முனைவர் நிலைப் பட்டமாகும். இந்தியாவில் எம்.பி.டி. பெற்றதனால் மட்டும் அங்கு உரிமம் கிடைத்துவிடாது. கல்வித் தகுதி மதிப்பீடு, உரிமத் தேர்வு, பணியாற்றும் மாநிலத்தின் உரிமம் ஆகியவை தேவை. ஆகவே செல்லவிருக்கும் நாட்டின் விதிகளை அறிந்த பின்னரே படிப்பைத் தேர்ந்தெடுப்பது பொருத்தம்.

இனிப் பணத்தேவையைக் காண்போம். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், 7.5 இலட்சம் ரூபாய் வரையிலான தகுதியுள்ள கடனுக்குச் சொத்துப் பிணை பொதுவாகக் கோரப்படுவதில்லை. பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையொப்பமிடுவர். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை விடுப்புக் காலமாகும். இக்காலத்தில் தவணை கட்டத் தேவையில்லை எனினும் வட்டி சேர்ந்துகொண்டே இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு: ஆண்டுக்கு 3 இலட்சமாக இரண்டாண்டுகளில் 6 இலட்சம் ரூபாய் கடன்; வட்டி 10 சதவீதம் எனக் கொள்வோம். முதலாண்டில் 30,000, இரண்டாம் ஆண்டில் 60,000, விடுப்பு ஆண்டில் 60,000 என வட்டி மட்டும் 1.5 இலட்சமாகிறது. அதனைக் கட்டாவிடில் அசல் 7.5 இலட்சமாக உயரும். பத்தாண்டுகளுக்கான மாதத் தவணை ஏறத்தாழ 9,900 ரூபாய். வட்டியை அவ்வப்போது கட்டிவந்தால் தவணை ஏறத்தாழ 7,900 ரூபாயாக நிற்கும். தொடக்கநிலை ஊதியம் பெறும் இளைஞருக்கு மாதம் 2,000 ரூபாய் வேறுபாடு சிறிதன்று. கல்விக் கடன் வட்டிக்கு எட்டு ஆண்டுகள் வரை கிடைக்கும் வருமான வரிக் கழிவு, பழைய வரிமுறையைத் தேர்ந்தோர்க்கு மட்டுமே உரியது.

பட்டம் பெற்றவுடன் முதுநிலையில் சேர வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. எப்பிரிவு தமக்கு ஏற்றது எனத் தெளியாதவர்கள் ஓரிரு ஆண்டுகள் மருத்துவமனையில் பணியாற்றிப் பார்க்கலாம். அப்பணி விருப்பத்தைத் தெளிவாக்கும். சேமிப்புக்கும் வழிகாட்டி, வாங்கவேண்டிய கடனையும் குறைக்கும். தெளிவு ஏற்கெனவே உள்ளவர்கள் சேர்க்கைக் கடிதம், கட்டண விவரம், மதிப்பெண் சான்றுகள், பெற்றோரின் வருமானச் சான்று ஆகியவற்றுடன் கட்டணம் செலுத்தும் இறுதி நாளுக்கு முன்னரே வங்கிக் கிளையை அணுகுவது நலம்.