80 பைட், ஒரு 1,150 ரூபாய்: சி-ல டேட்டாசெட் படிக்கிறது எப்படி?

சேலையூர்ல இருந்து ஒரு நேயர் கேட்டிருக்காங்க. காலேஜ்ல படிச்சது சி. இப்போ தாம்பரம் மெப்ஸ்ல வேலை, மெயின்ஃப்ரேம் டீம்ல போட்டுட்டாங்க. டேட்டாசெட்டை சி-லயே படிக்க முடியுமா, இல்ல கோபோல் கத்துக்கிட்டுத்தான் ஆகணுமா?

முடியும். அதே எஃப்ஓபன், எஃப்ரீட், எஃப்ரைட்தான். ஆனா ஒரு பழக்கத்தை விடணும்.

லினக்ஸ்ல ஃபைல்னா பைட்டுகளோட ஒரே நீள வரிசை. வரி எங்க முடியுதுன்னு சொல்றதும் அதுக்குள்ள இருக்கிற ஒரு பைட்தான். ஐபிஎம் மெயின்ஃப்ரேம்ல, அதாவது இசட்/ஓஎஸ்-ல, டேட்டாசெட் அப்படி இல்ல. அது ரெக்கார்டுகளோட அடுக்கு. ஒரு ரெக்கார்டுக்கு எத்தனை பைட்னு டேட்டாசெட்டை உருவாக்கும்போதே சொல்லிடறோம். ரெக்எஃப்எம் எஃப்பி, எல்ரெக்எல் 80-ன்னா ஒவ்வொரு ரெக்கார்டும் சரியா 80 பைட். நடுவுல வரிமுடிவுக் குறின்னு எதுவும் கிடையாது.

80 எங்க இருந்து வந்தது? துளை அட்டையில 80 காலம். 1973-ல நம்ம ஐஐடி மெட்ராஸுக்கு ஐபிஎம் 370/155 வந்த காலத்து அட்டை. அட்டை போயிடுச்சு, 80 போகல!

இப்போ சி என்ன பண்ணுது? சும்மா "ஆர்"-னு திறந்தா அது டெக்ஸ்ட் மோட். உங்களுக்குப் பழகின மாதிரி இருக்கட்டும்னு ஒவ்வொரு ரெக்கார்டின் கடைசியிலும் ஒரு வரிமுடிவைத் தானே சேர்த்துக் கொடுக்கும், கடைசியில இருக்கிற ஸ்பேஸ்களை வெட்டிடும். எழுதும்போது தலைகீழ்: குறைஞ்சா ஸ்பேஸ் நிரப்பும், 80-ஐத் தாண்டினா மிச்சத்தை வெட்டும். வெறும் எழுத்தா இருக்கிற ரிப்போர்ட்டுக்கு இது வசதிதான்.

வங்கி, இன்சூரன்ஸ் டேட்டா வெறும் எழுத்து இல்லையே. கோபோல் எழுதி வெச்ச தொகை பெரும்பாலும் காம்ப்-3, பேக்டு டெசிமல். 1,150 ரூபாய் 00 பைசாவை ஏழு இலக்கமா வெச்சா, ஹெக்ஸ்ல 01 15 00 0சி, நாலு பைட். அந்த 15-ஐப் பாருங்க. இந்த மெஷின்ல எழுத்துகள் ஆஸ்கி இல்ல, எப்சிடிக். அதுல சி-யோட வரிமுடிவு 15. எஃப்கெட்ஸ் அந்த இடத்துல "வரி முடிஞ்சது"ன்னு நின்னுடும். 1,149 ரூபாய்க்கு ஓடுற புரோகிராம் 1,150-க்கு உளறும்.

இன்னொண்ணு இதைவிட மோசம். ரெக்கார்டின் கடைசி நாலு பைட்ல பைனரி எண் 64 இருக்குன்னு வைங்க: 00 00 00 40. எப்சிடிக்ல 40-ன்னா ஸ்பேஸ். டெக்ஸ்ட் மோட் அதை வெட்டிடும். எரர் எதுவும் வராது, ஜாப் ரிட்டர்ன் கோட் ஜீரோன்னு முடியும். தொகை தப்புன்னு கஸ்டமர் சொல்லித்தான் தெரியவரும்.

அதனால இந்த மாதிரி டேட்டாவுக்கு "ஆர்பி" போட்டு, கூடவே கமா, டைப் ஈக்வல் டு ரெக்கார்ட்னு கொடுங்க. அப்போ ஒரு எஃப்ரீட்டுக்கு ஒரு ரெக்கார்ட். சைஸ் 1, கவுண்ட் 80-ன்னு கூப்பிடுங்க. திருப்பி மாத்திக் கொடுத்தா வந்தது எத்தனை பைட்னு தெரியாது. நீளம் மாறுற விபி டேட்டாசெட்ல இது ரொம்ப முக்கியம். அங்க எல்ரெக்எல் 84-ன்னு இருந்தாலும் டேட்டா அதிகபட்சம் 80-தான். நீளத்தைச் சொல்ற முதல் நாலு பைட்டை சி உங்க கண்ணுல காட்டாது. காம்ப்-3-ஐ நீங்களே பிரிக்கவும் வேண்டாம், ஐபிஎம் சி-ல டெசிமல்னு ஒரு டைப்பே இருக்கு.

பேர் கொடுக்கிறது? ரெண்டு சாய்கோடு போட்டு, ஒற்றை மேற்கோளுக்குள்ள டேட்டாசெட்டோட முழுப் பேர். மேற்கோளை விட்டா உங்க யூசர் ஐடியை முன்னாடி ஒட்டிக்கும். எனக்குப் பிடிச்சது அது இல்ல. ரெண்டு சாய்கோடு, டிடி, கோலன், ஒரு டிடி பேர். நிஜப் பேர் ஜேசிஎல்-ல இருக்கட்டும். டெஸ்ட்டுக்கும் புரொடக்‌ஷனுக்கும் அதே புரோகிராம், கம்பைல் பண்ணவே வேண்டாம்.

"டபிள்யூ" போட்டுத் திறந்தா பழைய டேட்டா போச்சு, இது லினக்ஸ் மாதிரியேதான். ஏற்கெனவே இருக்கிற டேட்டாசெட்டோட அமைப்பு மாறக்கூடாதுன்னா ரெக்எஃப்எம் ஈக்வல் டு ஸ்டார் சேருங்க.

டெஸ்ட் டேட்டா தயார் பண்ணும்போது ஒரு 1,150-ம் கடைசி ஃபீல்டுல ஒரு 64-ம் போட்டு ஓட்டிப் பாருங்க. வீசாம் பத்தி அடுத்த எபிசோட்ல.