கால்வாய்க் கரை நடையும் பத்தாம் நாள் காய்ச்சலும்

மார்கழி, தை மாதங்களில் காவிரிப் படுகையில் நடப்பதற்கு இணையான சுகம் குறைவு. மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படுவது வழக்கம் என்பதால் கால்வாய்களில் தைப் பாதி வரை தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். மழை ஓய்ந்து கரையெல்லாம் புல் மண்டிக் கிடக்கும். கல்லணையிலிருந்து தஞ்சாவூர் வரை புது ஆற்றங்கரையோடு சைக்கிளில் வருகிறவர்கள், தியாகராஜர் ஆராதனைக்குத் திருவையாறு வந்து படித்துறை படித்துறையாக நடக்கிறவர்கள், கும்பகோணத்தில் தங்கி அரசலாற்றங்கரையையும் தாராசுரத்தையும் பார்க்கிறவர்கள் என்று வெளியூர்க் கூட்டம் சேரும் காலமும் இதுதான். தமிழ்நாட்டில் உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைபஸ் அதிகமாகக் காணப்படுவதும் இதே குளிர்மாதங்களில்தான்.

இந்த நோய்க்கு மருந்து இல்லாமல் இல்லை. 1948-ல் மலாயாவில் குளோராம்பெனிக்கால் பலன் தந்ததிலிருந்து இது குணப்படுத்தக்கூடிய காய்ச்சல். இன்றைய மருந்தான டாக்சிசைக்ளின் மிக மலிவான மாத்திரைகளில் ஒன்று. உரிய நேரத்தில் கொடுத்தால் பெரும்பாலோருக்கு இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். அப்படியிருந்தும் எட்டாம் நாள், பத்தாம் நாள் மூச்சுத் திணறலோடு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்து சேருகிறவர்கள் குறையவில்லை. ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் நோயின் வீரியம் அல்ல, இடையில் வீணாய்ப் போன நாட்கள்.

ஊர் திரும்பிய பிறகு வரும் நோய்

உள்ளூர்க்காரரைவிடச் சுற்றுலா வந்தவருக்கு இதில் ஒரு கூடுதல் ஆபத்து உண்டு. புதரில் வாழும், கிருமியைச் சுமக்கும் ஒரு சிறு பூச்சியின் குஞ்சு கடித்துத்தான் இது வருகிறது. கடித்த அன்று எதுவும் நடப்பதில்லை. காய்ச்சல் தொடங்க 6 முதல் 21 நாட்கள் ஆகலாம். பலருக்கும் பத்து நாளையொட்டி வரும். அதற்குள் அவர் சென்னையிலோ கோவையிலோ அலுவலகம் போய்க்கொண்டிருப்பார். தலைவலி, உடல்வலி, காய்ச்சல் என்று போனால் டெங்கு பார்க்கிறார்கள். இல்லை என்று வந்ததும் ‘வைரல் ஃபீவர்’ என்று முடிவாகிறது. எங்கே போய் வந்தீர்கள் என்று பலர் கேட்பதில்லை, இவருக்கும் சொல்லத் தோன்றுவதில்லை. புல்வெளியில் அரைமணி நேரம் உட்கார்ந்ததையும் இன்றைய குளிரையும் யார் முடிச்சுப் போடுவார்கள்?

“பத்துப் பேர் ஒன்றாகத்தானே உட்கார்ந்தோம், எனக்கு மட்டும் எப்படி?” என்ற கேள்வியும் வரும். இந்தப் பூச்சிகள் கரை முழுவதும் சமமாகப் பரவி இருப்பதில்லை. எலி நடமாட்டமுள்ள ஈரப் புதர்களில் அங்கங்கே திட்டுத் திட்டாக இருக்கும். ஒருவர் துண்டை விரித்த இடம் திட்டாக இருக்கும், நாலடி தள்ளிப் படுத்தவருக்கு ஒன்றும் இருக்காது.

அந்தக் கறுப்புப் பொருக்கு

கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு தழும்பு தோன்றலாம்: நடுவே காய்ந்த கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம், பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்குள். வலியும் இருக்காது, அரிப்பும் இருக்காது. அதனால்தான் பார்க்கத் தவறுகிறோம். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே, தொப்புள், இடுப்பில் பாவாடை நாடாவோ பெல்ட்டோ இறுகும் இடம், காதுக்குப் பின்புறம் என்று மறைவான இடங்களில்தான் அது இருக்கும். எல்லா நோயாளியிடமும் இருப்பதில்லை. இல்லாததால் நோய் இல்லை என்றும் சொல்ல முடியாது. இருந்தால் மட்டும் அதைவிடத் தெளிவான தடயம் வேறில்லை. கூச்சப்பட்டு மறைக்காதீர்கள்.

கைவைத்தியமும் மெடிக்கல் ஷாப்பும்

அந்தத் தழும்பைக் கண்டுபிடித்தவர்களும் அதன்மேல் மஞ்சளோ சுண்ணாம்போ தடவிவிடுகிறார்கள். கிருமி அந்நேரம் இரத்தத்தில் ஓடுகிறது. மேல்பூச்சு அதை எட்டாது. நடப்பது ஒன்றுதான்: நோயைக் காட்டிக்கொடுக்க வேண்டிய அடையாளம் அழிகிறது. பிளேட்லெட் குறைந்திருக்கிறது என்றதும் பப்பாளி இலைச் சாறு வருகிறது. இக்காய்ச்சலிலும் பிளேட்லெட் குறையும். மூலக் கிருமி ஒழிந்தால் அது தானே ஏறும். நிலவேம்புக் குடிநீர் குடிப்பவரோடு எனக்குச் சண்டையில்லை. அதை நம்பி ஐந்து நாள் காத்திருப்பதோடுதான் சண்டை.

வீட்டு நாயைச் சுத்தமாக வைத்திருக்கிறேன், எனக்கு வராது என்பவர்களும் உண்டு. நாயின் மேல் தெரிகிற பெரிய உண்ணி இதற்குக் காரணமல்ல. இது புதரில் வாழும் வேறொரு சிறு பூச்சியின் குஞ்சு. கண்ணுக்குத் தெரிவதே அரிது. ஆளிடமிருந்து ஆளுக்கும் இது தொற்றுவதில்லை.

இவற்றையெல்லாம்விடக் கெடுதல், கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக். அமாக்சிசிலினும் செஃபிக்ஸிமும் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. அது நம் செல்களுக்குள் குடியிருந்து பெருகுவது. மாத்திரை சாப்பிடுகிறோம் என்ற நிம்மதியில் முதல் வாரம் கழிகிறது. ‘காய்ச்சல் ஊசி’ என்று எங்கோ போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு ஒருநாள் சூட்டை இறக்கிக் காட்டும், உள்ளே நோய் முன்னேறும். இரண்டாம் வாரத்தில் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று உறுப்புகள் பாதிக்கப்படலாம். எத்தனை முறை சொன்னாலும் இந்தப் பழக்கம் விடுவதில்லையே என்ற ஆற்றாமையில்தான் இதை எழுதுகிறேன்.

நோயை உறுதிசெய்ய ஐ.ஜி.எம். எலிசா பரிசோதனை உண்டு. ஆரம்ப நாட்களில் அது நோயைக் காட்டாமல் போகலாம், சந்தேகம் வலுத்தால் முடிவுக்குக் காத்திராமல் மருந்து தொடங்குவார்கள்.

காலம் கடந்து வந்தாலும் பெரிய மருத்துவமனையில் காப்பாற்றிவிடுவார்கள் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சான்று. நோய் முற்றியவர்கள் ஏறக்குறைய 800 பேரிடம் இந்தியாவின் ஏழு மருத்துவ மையங்களில் நடந்த ஆய்வு 2023-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியானது. டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியே கொடுத்தபோது, ஒன்றை மட்டும் கொடுத்ததைவிடச் சிக்கல்கள் குறைந்தன. 28 நாள் இறப்பில் மட்டும் பெரிய வித்தியாசம் இல்லை. நல்ல மருந்தும் தாமதத்தை முழுதாக ஈடுகட்டுவதில்லை.

நியாயமான மறுப்புகள்

கரையிலேயே வாழும் விவசாயிகளுக்கு ஒன்றும் ஆவதில்லையே என்பார்கள். அவர்களுக்கும் வருகிறது, பலருக்கு லேசாக வந்து பெயர் தெரியாமலே போகிறது, சிலருக்கு முற்றுகிறது. கிருமியில் பல வகை இருப்பதால் ஒருமுறை வந்தவருக்கு மறுபடியும் வரலாம். அப்படியானால் கையோடு டாக்சிசைக்ளின் கொண்டுபோய்க் காய்ச்சல் வந்ததும் போட்டுக்கொள்ளலாமே? கூடாது. எலிக்காய்ச்சல், டெங்கு, மலேரியா, டைபாய்டு எல்லாமே இப்படித்தான் தொடங்கும், ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. கர்ப்பிணிகளுக்குப் பொதுவாக அசித்ரோமைசின்தான் கொடுப்பார்கள். மருந்தின் அளவை இங்கே எழுதாமல் விட்டது வேண்டுமென்றேதான்.

கரையை விட வேண்டாம்

இதையெல்லாம் சொல்வதால் நடையை நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் நடையும் சைக்கிளும் செய்யும் நன்மை இந்த ஆபத்தைவிடப் பல மடங்கு பெரிது. நடுப்பாதையில் போங்கள், புல்லில் நேராக உட்காராதீர்கள், படுக்காதீர்கள். ஆற்றில் குளித்துவிட்டு வேட்டியையும் துண்டையும் கரைப்புல்லில் காயப்போட்டு அப்படியே உடுத்துகிறோமே, தயவுசெய்து அதை விடுங்கள், கொடியில் போடுங்கள். சிறுநீர் கழிக்கப் புதருக்குள் நுழையாதீர்கள். முழுக்கால் சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு, பூச்சிவிரட்டி தடவிக்கொள்ளுங்கள். அறைக்கு வந்ததும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளியுங்கள், போட்டிருந்த துணியை வெந்நீரில் அலசுங்கள்; ஒட்டியிருக்கும் குஞ்சுகள் பல அதில் போய்விடும். மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது, நீங்கள் நடந்த கரையைப் பற்றி. குழுவில் ஒருவருக்கு நோய் உறுதியானால், கூட வந்த எல்லோருக்கும் அன்றே போன் செய்துவிடுங்கள். அவர்களும் அதே புல்லில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.