கழுகுக் கூடுகளை எண்ணிய மாணவர்... காட்டுக்கும் தேவை டாக்டர்கள்!

அனுப்பர்பாளையம் என்றால் பித்தளைப் பாத்திரம். திருப்பூர் என்றால் பனியன். இந்த ஊர்ப் பிள்ளை ஒன்று, 'காட்டு உயிர்களைப் பத்திப் படிக்கப்போறேன்' என்றால், 'அதைப் படிச்சு என்ன பண்ணுவே?' என்றுதான் வீட்டில் கேட்பார்கள். அதற்கு ஒரு நல்ல பதில் இருக்கிறது.

ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில், 1980-களில் கழுகு இனப் பறவைகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தவர் விபு பிரகாஷ். அப்போது அங்கு வெண்முதுகுப் பாறு கழுகுகளின் கூடுகள் 353. 1990-களின் மத்தியில் மறுபடி எண்ணினால், பாதிகூட இல்லை. அடுத்த சில ஆண்டுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பழைய கணக்கு கையில் இருந்ததால்தான், 'கழுகுகள் அழிகின்றன' என்று அவரால் அடித்துச் சொல்ல முடிந்தது.

ஏன் அழிந்தன? விடை சொன்னது கால்நடை மருத்துவம். பாகிஸ்தானில் இறந்துகிடந்த கழுகுகளை அமெரிக்க நிபுணர் லிண்ட்சே ஓக்ஸின் குழு உடற்கூறாய்வு செய்தது. சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகள் மீது யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்திருந்தது. காரணம், மாடுகளுக்கு வலி நிவாரணியாகப் போடப்பட்ட டைக்ளோஃபினாக். அந்த மாடு செத்தால், அதைத் தின்ற கழுகும் செத்தது. 2004-ல் இது வெளியானது. 2006-ல் இந்தியா அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது. மாற்றாக, கழுகுகளைப் பாதிக்காத மெலாக்சிகாம் பரிந்துரைக்கப்பட்டது.

தமிழகத்தில் பாறு கழுகுகள் இன்றும் கூடு கட்டுவது நீலகிரியை ஒட்டிய மாயாறு பள்ளத்தாக்கில். சுற்றியுள்ள கிராமங்களில் மாட்டுக்கு என்ன ஊசி போடுகிறார்கள் என்பதில்தான் அவற்றின் உயிர் இருக்கிறது.

எங்கே படிக்கலாம்?

பிளஸ் டூ-வில் உயிரியல் படித்தவர்கள் கால்நடை மருத்துவத்தில் சேரலாம். பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டுகள். திருப்பூர் மாவட்டத்திலேயே, உடுமலைப்பேட்டையில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் பிறகு வனவிலங்கு அறிவியலில் முதுகலை படிக்கலாம்.

மருத்துவம் வேண்டாம், ஆய்வு போதும் என்பவர்களுக்கு, ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் வனவிலங்கு உயிரியல் முதுகலை உண்டு. முனைவர் பட்ட ஆய்வுக்குக் கோவை ஆனைகட்டியில் சாலிம் அலி மையம் இருக்கிறது. பூச்சிக்கொல்லிகள் பறவைகளை என்ன செய்கின்றன என்பதை நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் இடம் அது.

கல்லூரியில் சேரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. திருப்பூரை ஒட்டிய நஞ்சராயன் குளம் 2024-ல் ராம்சர் தளமானது. சாயத் தொழில் நடக்கும் ஊரின் குளம். அங்கே வரும் பறவைகளின் எண்ணிக்கையும் ஆரோக்கியமும் முக்கியமான கேள்விகள். ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பைனாகுலர், வாரம் ஒரு காலைப்பொழுது போதும். இன்று எழுதிவைக்கும் எண்ணிக்கை, பத்து ஆண்டு கழித்து ஒரு பறவை இனத்துக்காகப் பேசும் சாட்சியாக இருக்கும்!