உலாவிக்குள் ஒரு பழைய திரை

காப்பீட்டு நிறுவனம் ஒன்றிலோ, விமான டிக்கெட் வழங்கும் அலுவலகத்திலோ, எதிரே அமர்ந்திருக்கும் உத்தியோகஸ்தரின் கணினியைச் சற்றே எட்டிப் பார்க்க வாய்த்தவர்கள், வர்ணப் படங்களும் பொத்தான்களும் நிறைந்த இக்காலத்து உலாவியின் நடுவே, கறுப்புத் திரையில் பச்சை எழுத்துக்கள் மட்டும் வரிசை வரிசையாக நிற்பதைக் கண்டு, இவ்வளவு பெரிய ஸ்தாபனத்துக்கு இப்படியொரு திரையா என்று வியந்திருக்கக் கூடும். அந்த வியப்பு நியாயமானதே. ஆனால் அந்தத் திரைக்குப் பின்னால் அரை நூற்றாண்டுச் சரித்திரம் இருக்கிறது.

1971-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் 3270 என்னும் முனையக் குடும்பத்தை வெளியிட்டது. மெயின்ஃபிரேம் என்னும் மத்திய யந்திரம் எங்கோ ஓர் அறையில் இருக்க, ஊழியரின் மேஜைமீது ஒரு திரையும் விசைப்பலகையும் மட்டுமே இருக்கும். திரையில் 24 வரிகள். வரிக்கு 80 எழுத்துக்கள். ஆக மொத்தம் 1,920. அந்த 80 என்பது, அதற்கு முந்திய காலத்துத் துளை அட்டையின் 80 பத்திகளின் வழிவந்த கணக்கு. ஆயிரக்கணக்கான ஊழியர்கள் ஒரே யந்திரத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்தபடியால், ஒவ்வோர் எழுத்தைத் தட்டும்போதும் அதைத் தொந்தரவு செய்வது கட்டுப்படியாகாது என்று கண்ட நிபுணர்கள், ஒரு புத்திசாலித்தனமான ஏற்பாட்டைச் செய்தார்கள். யந்திரம் ஒரு படிவத்தைத் திரைக்கு அனுப்பிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடும். ஊழியர் பெயர், கணக்கு எண், தொகை எல்லாவற்றையும் நிதானமாக நிரப்பி, என்டர் விசையை அழுத்தும்போதுதான், அதுவும் அவர் மாற்றிய கட்டங்கள் மட்டுமே, திரும்பிச் செல்லும். பதில் வரும்வரை விசைப்பலகை பூட்டிக்கொள்ளும். திரையின் அடியில் ஒரு பெருக்கல் குறியும் சின்னஞ்சிறு கடிகாரமும் தோன்றிப் பொறுத்திருக்கச் சொல்லும். இன்றைய வலைப் படிவங்கள் செய்வதும் ஏறக்குறைய இதுவே என்பதை எண்ணும்போது, பழைமை புதுமை என்று நாம் பிரித்துப் பேசுவதில் பாதி வெறும் வர்ணம்தானோ என்று தோன்றுகிறது.

எண்பதுகளில் தனிக் கணினிகள் மேஜைக்கு வந்த பின், ஒரே மேஜையில் இரண்டு திரைகள் எதற்கென்ற கேள்வி எழுந்தது. தனிக் கணினியே முனையத்தின் வேஷத்தைப் பூண்டது. அரிதாரம் பூசி மேடையேறியவனைச் சபையோர் ராஜாவாகவே பாவிப்பதுபோல, எதிரே இருப்பது நிஜமான 3270 என்றே மெயின்ஃபிரேம் நம்பிவிடும். இத்தகைய மென்பொருளுக்கு எமுலேட்டர் என்று பெயர். வேஷம் அழகாகத்தான் இருந்தது; ஆனால் அதை ஆயிரம் மேஜைகளில் தனித்தனியே நிறுவுவதும், திருத்தப் பதிப்பு வந்தபோதெல்லாம் மறுபடியும் ஆயிரம் மேஜைகளுக்கு நடப்பதும் நிர்வாகிகளின் தலையில் விழுந்தன.

அந்தச் சிரமத்திலிருந்து விடுதலை தேடியே முனையத்தை உலாவிக்குள் கொண்டுவந்தார்கள். தொண்ணூறுகளின் பிற்பகுதியில், உலாவிக்குள் செருகுநிரலின் துணையோடு ஓடும் ஜாவா ஆப்லெட் என்னும் சிறு நிரல் வழியாக அது நடந்தது. பின்னர் குரோம் 2015-லும், ஃபயர்பாக்ஸ் 2017-லும் அந்தக் கதவை அடைத்துவிட்டன. அதற்குள், 2011-இல் தர நிர்ணயம் பெற்ற வெப்சாக்கெட் என்னும் நிரந்தர இணைப்பு முறை வந்துவிட்டதால், செருகுநிரல் எதுவுமின்றி உலாவியே முனையமாக நிற்க முடிந்தது.

மெயின்ஃபிரேமுக்கும் உலாவிக்கும் இடையே நிற்கும் சர்வர்தான் இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. கேட்டதற்கு விடை கொடுத்தவுடன் கேட்டவரை மறந்துவிடுவது வலையின் ஆதி சுபாவம். முனையத் தொடர்போ, காலையில் உள்ளே நுழைந்தது முதல் மாலையில் விடைபெறும் வரை அறுபடாமல் நீடிக்க வேண்டியது. ஆகவே இடைச் சர்வர் ஒரு கையால் மெயின்ஃபிரேமுடன் டி.என்.3270 என்னும் நெறிமுறையில் பேசிக்கொண்டு, மறு கையால் உலாவிக்கு வேண்டியதை மொழிபெயர்த்துத் தருகிறது. ஊழியர் ஞாபகமறதியாக உலாவியை மூடிவிட்டால், மறுமுனையில் அவர் இன்னும் உட்கார்ந்திருப்பதாகவே யந்திரம் நினைத்துக்கொண்டிருக்கும்; மறுபடி நுழைய முயன்றால், ‘இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் உள்ளே இருக்கிறார்’ என்று அவரையே வெளியில் நிறுத்தும்.

விசைகளின் சங்கடம் இன்னும் பெரிது. பழைய 3270 விசைப்பலகையில் என்டர் விசை, இன்றைய கணினியில் வலப்புறக் கண்ட்ரோல் விசை இருக்கும் இடத்தில் இருந்தது. நாம் என்டர் என்று தட்டும் இடத்தில் இருந்ததோ அடுத்த வரிக்குப் போகும் விசை. அந்தப் பழக்கம் ஊறிய விரல்களுக்காக, வலக் கண்ட்ரோலையே என்டராக வைத்துக்கொள்ளும் வசதியை எமுலேட்டர்கள் பல காலமாகப் பேணி வந்திருக்கின்றன. உலாவியோ தனக்கென்று சில விசைகளைச் சொந்தம் கொண்டாடுவது. எஃப்5 என்றால் மெயின்ஃபிரேம் பயன்பாட்டில் ஏதோ ஒரு கட்டளை. உலாவிக்கோ பக்கத்தை மீண்டும் ஏற்று என்று பொருள். யுனிக்ஸ் முனையத்தில் பழகியவர் கடைசிச் சொல்லை அழிக்க எண்ணிக் கண்ட்ரோலுடன் டபிள்யூவை அழுத்தினால், சொல் அழிவதற்குப் பதிலாக முனையமே கண்ணெதிரில் மூடிக்கொள்ளும். சாதாரணத் தாவலில் குரோம் அந்த விசையை எந்தப் பக்கத்துக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

பச்சை எழுத்துக்களை அறவே ஒழித்து, அதே திரையைப் பொத்தான்களும் பட்டியல்களும் கொண்ட வலைப் பக்கமாக மாற்றித் தரும் மென்பொருள்களும் உண்டு. வாரத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்ப்பவருக்கும், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கும் இது பெரும் சௌகரியம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இருபது வருஷமாகத் திரையைப் பாராமலே நான்கு படிவங்களைத் தாண்டிச் செல்லும் ஊழியரை, எலியைப் பிடித்துப் பொத்தானைத் தேடச் சொல்வது அபிவிருத்தி ஆகாது என்பது என் அபிப்பிராயம். போதாக்குறைக்கு, அப்படி மாற்றிய பக்கத்தில் உலாவியின் பின்செல்லும் பொத்தானை அழுத்தினால், முந்தைய வாடிக்கையாளரின் கணக்கு கண்முன் நிற்க, மெயின்ஃபிரேம் அடுத்தவரின் கணக்கில் காத்திருக்கும் விபரீதம் நேரலாம். நல்ல மென்பொருள் இதைத் தடுத்தாக வேண்டும்.

பாதுகாப்பு விஷயத்தில் லாபமும் உண்டு, புதிய பொறுப்பும் உண்டு. டெல்நெட் என்னும் பழைய இணைப்பு முறையில் கடவுச்சொல்கூட மறைப்பின்றிச் சென்றது. உலாவி வழியில் குறியாக்கம் சுலபம். ஆனால் முன்பு எந்த மேஜையின் முனையம் என்பதைப் பெயரிட்டு அறிந்த மெயின்ஃபிரேமுக்கு, இப்போது எல்லோரும் அந்த ஒரே இடைச் சர்வரிலிருந்து வருவதாகத் தெரிவதால், இன்னார் இன்ன நேரத்தில் செய்தார் என்ற குறிப்பை அந்தச் சர்வரே கண்ணும் கருத்துமாக எழுதி வைக்க வேண்டும்.

ஆகவே இத்தகைய மென்பொருளை வாங்க எண்ணும் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள்: விற்பனையாளர் காட்டும் செயல் விளக்கத்தோடு திருப்தியடைந்துவிடாமல், அலுவலகத்தில் மிகுந்த வேகத்துடன் தட்டச்சு செய்பவரை அழைத்து, அவருடைய அன்றாட வேலையை ஒரு முழு நாள் அதில் செய்ய விட்டுப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.