மதத்துக்கு எத்தனை புள்ளி?
அரசியல் விளையாட்டும் சேதுக் கரையும்

1

பயிற்சி முகாம்களில் உரை நிகழ்த்திச் சலித்துப்போன தோழர்கள் சிலர் ஒரு விளையாட்டு தயாரித்துக்கொண்டிருக்கிறார்கள். கொஞ்சம் அட்டைகள், ஒரு வரைபடம், அவ்வளவுதான். களம் தொண்டி, ஓரியூர், இராமேஸ்வரம், ஏர்வாடி, கீழக்கரை என்று நீளும் கடற்கரை மாவட்டம். ஆடுகிறவர் அரசு. மதம் தொடர்பான கொள்கைகளையும் இக்கட்டுகளையும் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இது வெறும் விளையாட்டு சமாச்சாரம் இல்லை. அரசு மதத்தை எப்படி எண்ணுகிறது, அந்தக் கணக்கில் யாரைப் பேசவிடுகிறது என்கிற கேள்வி இதற்குள் இருக்கிறது.

முன்மாதிரிகள் உண்டு. கிளிஃப் ஹாரிஸ் என்ற ஆங்கிலேயர் உருவாக்கிய 'டெமாக்ரசி' கணினி விளையாட்டு வரிசை அவற்றில் பிரபலமானது. மூன்றாவது விளையாட்டு 2013இல் வந்தது. வரி, கல்வி, சிறை என்று ஒவ்வொரு கொள்கைக்கும் ஓர் அளவுகோல், கூட்டலாம், குறைக்கலாம். ஒவ்வொரு அசைவும் வாக்காளர் குழுக்களின் திருப்தியை மாற்றும். முதலாளித்துவவாதிகள், சோஷலிஸ்டுகள், தேசபக்தர்கள், வாகன ஓட்டிகள் என்கிற வரிசையில் 'மதநம்பிக்கையாளர்' ஒரு குழு. மதப் பள்ளிகளுக்கு மானியம் கூட்டினால் அவர்கள் மகிழ்வார்கள். இடையிடையே ஓர் இக்கட்டு வரும். இதுவா, அதுவா, ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

இந்த அமைப்புக்குள் மூன்று அனுமானங்கள் இருக்கின்றன. மதம் என்பது தனிமனிதர் மனசுக்குள் இருக்கும் ஓர் அளவு. அரசு மதத்துக்கு வெளியே நிற்கிறது. இக்கட்டு என்பது இரண்டு தரப்புகளுக்கு இடையில் நடப்பது. சேதுக் கரையில் இந்த மூன்றுமே செல்லுபடியாகாது.

2

கிழவன் சேதுபதியை (1674-1710) எடுத்துக்கொள்வோம். கீழக்கரைப் பெருவணிகர் சீதக்காதி அவருக்கு நெருக்கமானவர். ஏர்வாடி தர்காவுக்குச் சேதுபதிகள் நிலம் விட்டிருக்கிறார்கள். இதே கிழவன் ஆட்சியில்தான் 1693 பிப்ரவரி 4 அன்று அருளானந்தர் என்ற ஜான் டி பிரிட்டோ ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். இந்த அரசருக்குச் 'சகிப்புத்தன்மை'யில் எத்தனை புள்ளி போடுவீர்கள்?

டி பிரிட்டோவிடம் ஞானஸ்நானம் பெற்ற தடியத்தேவர், ஒரு மனைவியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதிக்கு நெருங்கிய உறவுப்பெண். மறவர் அரசியலில் திருமணம் என்பது அரசியல் உடன்படிக்கை. அது முறிந்ததைத்தான் அரண்மனை பார்த்தது. ஆக, மதம் இங்கே மனசுக்குள் இருந்த அளவு அல்ல. உறவும் நிலமும் விசுவாசமும் சேர்ந்த ஒரு முடிச்சு. அதைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது, எங்கேயாவது அறுக்கத்தான் முடியும். பாதிரியாரா சேதுபதியா என்றே நாம் இந்தக் கதையைச் சொல்லிவருகிறோம். விலக்கப்பட்ட மனைவிகளிடம் யாரும் கேட்கவில்லை.

3

அரசு வெளியே நிற்கிறது என்ற அனுமானத்துக்குக் கமுதி போதும். விவேகானந்தரைச் சிகாகோவுக்குப் போகத் தூண்டி ஆதரித்தவர் பாஸ்கர சேதுபதி. 1897 ஜனவரியில் அவரைப் பாம்பனில் வரவேற்றவரும் அவரே. அதே ஆண்டு மே 14 அன்று நாடார்கள் சிலர் கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நுழைந்தார்கள். கோயிலின் பரம்பரை அறங்காவலர் என்ற முறையில் வழக்குத் தொடுத்ததும் இதே சேதுபதிதான். நாடார்கள் தோற்றார்கள். 1908இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் அதை உறுதிசெய்தது.

காலனிய அரசு 'மதத்தில் தலையிடுவதில்லை' என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் நீதிமன்றம் என்ன செய்தது? 'மாமூல் என்ன' என்று விசாரித்தது. விசாரித்ததைத் தீர்ப்பாக எழுதியதும் மாமூல் சட்டமாகிவிட்டது. தலையிடாமை என்பதே இப்படி ஒரு தலையீடு. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் தலித்துகளும் ஒரு நாடாரும் மதுரைக் கோயிலுக்குள் போனார்கள். அதை ஒட்டித்தான் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. கமுதியிலிருந்து நாற்பத்திரண்டு வருஷம். கமுதி வழக்கில் வாதி ஜமீன், பிரதிவாதி நாடார். கோயில் வாசலுக்கே வரமுடியாத பள்ளரும் பறையரும் அந்த வழக்கில் எந்தத் தரப்பு?

இன்றைக்கு இராமேஸ்வரம் கோயில் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் இருக்கிறது. உண்டியலை எண்ணுவதும் அரசு அதிகாரிகள் முன்னிலையில்தான். எனவே எங்கள் விளையாட்டில் ஆடுகிறவர் கையில் தர்மகர்த்தா அட்டையும் இருந்தாக வேண்டும். நடுவராக மட்டும் உட்கார்ந்திருக்க அவருக்கு வசதி கிடையாது.

4

சேது சமுத்திரம் மூன்றாவது அனுமானத்தைப் பற்றியது. 2005 ஜூலை 2 அன்று திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. அதற்கு முன்பே நடந்த கருத்துக்கேட்புக் கூட்டங்களில் மீனவர்கள் எதிர்த்தார்கள். தூர்வாரிய மண்ணை எங்கே கொட்டுவீர்கள், கப்பல் போகும் பாதையில் வலை போட விடுவீர்களா, பவளப்பாறை என்னாகும் என்று கேட்டார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இலிருந்தே தேசியப் பூங்கா. அந்தத் தீவுகளில் பாசி எடுக்கும் பெண்களைச் சூழலைக் காரணம் காட்டி விரட்டிய அரசுதான் அதே கடலைத் தோண்டவும் கிளம்பியது.

2007இல் கேள்வியே மாறிப்போனது. இராமர் கட்டிய பாலமா, இயற்கையான மணல்திட்டா? இராமர் இருந்ததற்கு வரலாற்றுச் சான்று இல்லை என்று தொல்லியல் துறை உச்ச நீதிமன்றத்தில் செப்டம்பரில் மனு போட்டது. நாடு கொந்தளித்தது. இரண்டே நாளில் மனு வாபஸ். பகுத்தறிவா பக்தியா என்று நாமும் கட்சி கட்டினோம். அந்தச் சண்டை அவசியமில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல்லாடலில் மீனவர் பேச வேண்டுமென்றால் ஒன்று பக்தராக வேண்டும், இல்லை வளர்ச்சிக்கு ஆள் பிடிப்பவராக வேண்டும். அல்துஸ்ஸர் சொன்ன 'விளித்தல்' இதுதான். கூப்பிட்ட பெயருக்குத் திரும்பிப் பார்த்தால் மட்டுமே நீங்கள் இருக்கிறீர்கள்.

5

கடைசியாக ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 விடிகாலையில், தர்காவை அண்டி நடந்த ஒரு தனியார் மனநலக் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். உடனே ஓர் இக்கட்டு தயாரானது: மூடநம்பிக்கையா, நவீன மருத்துவமா? காப்பகங்கள் மூடப்பட்டன.

ஆனால் சங்கிலி போட்டது தர்கா அல்ல. காசு வாங்கிக்கொண்டு கட்டிவைத்தவர்கள் காப்பகக்காரர்கள். உரிமம் இல்லாமல் மனநல விடுதி நடத்தக்கூடாது என்று 1987ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லியும் கண்டுகொள்ளாமல் இருந்தது அரசு. ஊரில் வைத்தியம் இல்லாமல், "அவுலியா பார்த்துக்குவார்" என்று இந்துக்களும் முஸ்லிம்களும் சொந்தக்காரர்களைக் கொண்டுவந்து விட்டார்கள். 2008இல் குஜராத்தின் உனாவா மீரா தாதார் தர்காவில் மருத்துவர்கள் தர்காவுக்குள்ளேயே உட்கார்ந்தார்கள். துவாவும் உண்டு, மருந்தும் உண்டு. பின்னாளில் அந்த முறை ஏர்வாடிக்கும் வந்தது. இரண்டில் ஒன்று என்று நிறுத்தப்பட்ட கேள்வியே பொய் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

6

தமிழில் இக்கட்டுக்கு 'இருதலைக்கொள்ளி' என்று பெயர். இரண்டு முனையும் எரியும் கட்டையின் நடுவில் எறும்பு. விளையாட்டு நிரல்கள் ஆட்சியாளரையே எறும்பாகக் காட்டுகின்றன, ஐயோ பாவம் என்று. நான் பார்த்த நான்கு சம்பவங்களிலும் எறும்பு வேறு ஆள்.

ஆகவே தோழர்களிடம் கொடுத்திருக்கும் விதிகள் இவை. 'மதநம்பிக்கையாளர்' என்ற குழு வேண்டாம். கோயில் நிலக் குத்தகைதாரர், பாசி எடுப்பவர், பூசாரி, நோயாளியின் தங்கை என்று ஆட்களாக எழுதுவோம். ஒவ்வொரு இக்கட்டு அட்டையிலும் மூன்றாவது தெரிவு காலியாக இருக்கட்டும். பாதிக்கப்படுகிறவரின் அட்டையை வைத்திருப்பவர் அதை எழுதிய பிறகுதான் அரசு தன் முறையை ஆடலாம். ஆட்டம் தேர்தலோடு முடியக்கூடாது. கமுதிக்கு ஐந்து வருஷம் போதாது.

புள்ளி எப்படிப் போடுவது என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. தடியத்தேவர் விலக்கிய மனைவிக்கும் ஓர் அட்டை எழுதியிருக்கிறேன். முதல் முகாமில் அதை யார் எடுக்கிறார்கள், காலிக் கட்டத்தில் என்ன எழுதுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.